தனியாகப் படித்து விமானப் பராமரிப்பு லைசன்ஸ்: இரத்மலானை ஹாங்கர் உதவியாளர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் கொழும்பில் வசிக்கும் தமிழ் இளைஞர். அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரையும் வேலை செய்த இடங்களின் பெயர்களையும் தவிர்த்து, 'மாணவர்' என்றே குறிப்பிடுகிறேன். நான் லைசன்ஸ் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளர். 2021 இறுதியில் அவர் என்னிடம் வந்த பிறகு நடந்தவற்றை நேரில் கண்டேன். அதற்கு முந்தியவற்றை அவருடைய லொக் புத்தகம் (செய்த பராமரிப்பு வேலைகளைப் பதியும் புத்தகம்), பரீட்சைப் பெறுபேறுகள், படித்த கொப்பிகள் ஆகியவற்றைப் பார்த்து எழுதுகிறேன். இங்கே எண்களுடன் சொல்லப்படும் விதிகள் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகமான ஈயாசா பராமரிப்பு லைசன்ஸுக்கு வைத்திருக்கும் பார்ட்-66 விதிகள். 2024 ஜூனில் பாடத்திட்டம் மாறுவதற்கு முன்பு இருந்தபடி தந்திருக்கிறேன்.

## பின்னணி

மாணவர் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். 2015இல் தமிழ் மொழிமூலம் க.பொ.த. உயர்தரம் எழுதினார்: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மூன்றிலும் சித்தி. ஆனால் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி அவரை மொறட்டுவைப் பொறியியல் பீடத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. தகப்பன் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். அங்கீகாரம் பெற்ற விமானப் பராமரிப்புப் பாடநெறிக்குக் கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை. தெரிந்த ஒருவர் மூலம் 2016 தொடக்கத்தில் இரத்மலானையில் ஒரு சிறிய ஹாங்கரில், அதாவது விமானங்களைப் பராமரிக்கும் கொட்டகையில், உதவியாளராகச் சேர்ந்தார். கட்டுநாயக்க வரும்வரை கொழும்பின் சர்வதேச விமான நிலையமாக இருந்த இடம் இரத்மலானை. இப்போது அங்கே நடப்பது பெரும்பாலும் பயிற்சிப் பறப்பும் உள்நாட்டுச் சேவையும்தான். அவர் கைவைத்த விமானங்கள் செஸ்னா 152, செஸ்னா 172. இரண்டும் பிஸ்டன் எஞ்சின் விமானங்கள். இந்தத் தகவல் பின்னால் பெரிதாகும்.

பாடநெறி எதிலும் சேராமல், மொடியூல் எனப்படும் பாடப் பகுதிகளின் பரீட்சைகளை மட்டும் எழுத பார்ட்-66 இடம் தருகிறது. அதற்கான விலையை அனுபவ ஆண்டுகளில் கட்ட வேண்டும். ஜெட், டர்போபுரொப் விமானங்களுக்கான பி1.1 பிரிவுக்கு, அங்கீகாரம் பெற்ற பாடநெறியை முடித்தவருக்கு 2 ஆண்டு அனுபவம் போதும். தொடர்பான தொழிற்பயிற்சி எதுவும் இல்லாதவருக்கு 5 ஆண்டுகள் வேண்டும். பிஸ்டன் விமானங்களுக்கான பி1.2 பிரிவில் அதே கணக்கு 1 ஆண்டும் 3 ஆண்டுகளும். பரீட்சைகள் எல்லாவற்றையும் விண்ணப்பத்துக்கு முந்திய 10 ஆண்டுகளுக்குள் முடித்திருக்க வேண்டும்.

மாணவர் தேர்ந்தெடுத்தது பி1.1. வளைகுடாவில் வேலை, பெரிய விமானம், நல்ல சம்பளம் என்பதுதான் காரணம். இருபது வயதில் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

## 2018 முதல் 2021 வரை: பரீட்சைகள்

காலையில் புறக்கோட்டையில் 101 பஸ் ஏறி காலி வீதி வழியே இரத்மலானை. மாலையில் வரும் வழியில் வெள்ளவத்தையில் இறங்கி, கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் மூடும்வரை படிப்பு. பிறகு வீடு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிடும் பராமரிப்புக் கைநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவற்றைப் படி எடுத்து வைத்திருந்தார். அவற்றோடு, கைக்குக் கை மாறி வந்த கேள்வித் தொகுப்புகள். ஹாங்கரில் இந்தப் பரீட்சைக்குப் படித்த வேறு ஆள் கிடையாது.

2018இல் மொடியூல் 1, 2, 3, 8 நான்கும் முதல் தடவையிலேயே சித்தி. கணிதம், பௌதிகம், மின்னியல் அடிப்படை, காற்றியக்கவியல். உயர்தரத்தில் இரண்டு ஆண்டு உழைத்தவருக்கு இவை பழைய பாடங்களே; ஆங்கிலக் கலைச்சொற்களைப் பழகிக்கொண்டால் போதும். 2019இல் 4, 5, 6 மூன்றும், அவற்றோடு காஸ் டர்பைன் எஞ்சினுக்கான 15உம். மொடியூல் 15இல் 92 கேள்விகள், சித்திக்கு 69 வேண்டும். அவர் எடுத்தது 71. (சித்தி எல்லை எல்லா மொடியூல்களுக்கும் 75 வீதம். கேள்விகளின் எண்ணிக்கை 20, 32, 40, 52, 72 என நான்கால் வகுபடுவதாகவே இருப்பதால் எல்லை எப்போதும் முழு எண்ணில் விழும். அரைப் புள்ளிக்கு வாதாட இடமில்லை.)

2020 மார்ச்சில் நாடு முடங்கியது. பரீட்சை அமர்வுகள் இல்லை. ஹாங்கரில் பாதிப் பேரே வேலைக்கு வந்தார்கள். பறக்காமல் நின்ற விமானங்களின் எஞ்சின்களைத் துருப்பிடிக்காமல் பாதுகாக்கும் வேலையை அந்த மாதங்களில் அவர் முழுதாகக் கற்றார்.

2021இல் நிலைமை மாறியது. மனிதக் காரணிகளுக்கான மொடியூல் 9 சித்தி. பராமரிப்பு நடைமுறைகளுக்கான மொடியூல் 7இல் எம்.சி.கியூ. (விடையைத் தெரிவு செய்யும்) பகுதி சித்தி, எசே (கட்டுரை) பகுதி தோல்வி. விமானச் சட்டத்துக்கான மொடியூல் 10 தோல்வி. மீண்டும் எழுத 90 நாள் காத்திருக்க வேண்டும்; காத்திருந்து மொடியூல் 7ஐ எழுதினார். மறுபடியும் எசேயில் விழுந்தார். ஒரு மொடியூலைத் தொடர்ச்சியாக மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அந்த மூன்றாவது தடவைக்கு முன்னால்தான் என்னைத் தேடி வந்தார்.

## கவனித்தவை

அவர் கேட்டது ஒரே ஒரு உதவி: எசே எழுதச் சொல்லித் தரவேண்டும். ஆங்கிலம் போதாமல்தான் தோற்கிறேன் என்று நம்பியிருந்தார். கொப்பியைப் பார்த்தேன். ஆங்கிலம் சிறப்பில்லை, ஆனால் விளங்காத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

பலமான தரையிறக்கத்துக்குப் பிறகு செய்யும் சோதனையை எழுதித் தரச் சொன்னேன். பறக்கப் பழகுபவர்கள் விமானத்தைத் தரையில் போடும் ஹாங்கரில் இருப்பவருக்கு இதைவிடப் பழகிய வேலை இருக்க முடியாது. அவர் எழுதியதன் சாரம்: சக்கரங்களைப் பார்க்க வேண்டும், ரயர்களைப் பார்க்க வேண்டும், உடற்பகுதியைப் பார்க்க வேண்டும், சேதம் இருந்தால் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். பக்கம் பாதிகூட நிரம்பவில்லை.

கொப்பியை மூடிவிட்டு, போன மாதம் அப்படி ஒரு விமானம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நிறுத்தாமல் சொன்னார். விமானி டெக் லொக்கில் (விமானத்தின் குறைகளைப் பதியும் புத்தகத்தில்) எழுதியதை வாசித்தது. பராமரிப்புக் கையேட்டில் அந்தச் சோதனைக்குரிய பக்கத்தை எடுத்தது. முன்சக்கரக் காலைத் தாங்கும் ஃபயர்வோல் தகட்டில் (எஞ்சினுக்கும் கெபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில்) சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தது. எஞ்சின் தாங்கியில் வெடிப்பு, புரொபெல்லர் நுனியில் உரசல் தேடியது. பிரதான சக்கரக் கால் உடலோடு சேரும் இடத்தில் ரிவெட்டுகள் அசைந்திருக்கின்றனவா என்று பார்த்தது. முதல் கட்டத்தில் சேதம் அகப்பட்டதால் அடுத்த கட்டத்துக்குப் போய் மூடிகளைக் கழற்றியது. கடைசியில் ஜொப் காட்டில் (ஒவ்வொரு வேலைக்கும் உரிய பதிவுத் தாளில்) பதிந்தது. எசே திருத்துபவர் தேடும் முக்கியப் புள்ளிகள் எல்லாம் அதில் இருந்தன. கொப்பியில் எழுதியவை நாலு.

"இதை ஏன் எழுதேல்லை?"

"இது நாங்கள் செய்யிற வேலைதானே அண்ணா. பரீட்சைக்கு வேற மாதிரி எழுத வேணும் எண்டு நினைச்சன்."

மொடியூல் 9இன் எசேயில் எப்படிச் சித்தியடைந்தார் என்பதற்கும் இதிலேயே விடை இருந்தது. களைப்பு, நேர நெருக்கடி பற்றிய அந்தக் கேள்விக்கு நூலில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல், ஹாங்கரில் கண்டதை எழுதியிருக்கிறார்.

அடுத்தது எம்.சி.கியூ. வீட்டில் செய்த மாதிரிப் பரீட்சைகளில் எப்போதும் 90க்கு மேல் வருகிறது என்றார். அவருடைய தொகுப்பிலிருந்தே கேள்விகளை எடுத்து, மூன்று விடைத் தெரிவுகளையும் கையால் மறைத்துக்கொண்டு கேட்டேன். டோர்க் ரென்ச்சில் நீட்டிப்புத் துண்டு மாட்டினால் எந்த அளவில் வைக்க வேண்டும் என்பது ஒன்று. "பதில் பி எண்டு தெரியும் அண்ணா. ஏனெண்டு தெரியாது" என்றார். ரென்ச்சின் நீளம் 12 அங்குலம், அதே நேர்கோட்டில் நீட்டிப்பு 3 அங்குலம், போல்ட்டுக்கு வேண்டியது 250 அங்குல-இறாத்தல் என்றால், 250ஐ 12ஆல் பெருக்கி 15ஆல் வகுத்து 200இல் வைக்க வேண்டும். இது உயர்தரப் பௌதிகத்தில் திருப்பம் படித்த எவரும் கடதாசியில் போடும் கணக்கு. அவருக்கும் தெரிந்த கணக்குத்தான். ஆனால் விடையின் எழுத்து மனத்தில் பதிந்துவிட்டதால் கணக்கை எடுக்கத் தேவை வரவில்லை.

சித்தியடைந்த மொடியூல் 15இலும் இதே கதை. குறைந்த சுழற்சியில் கம்பிரெஸரின் காற்றுக் கசிவு வால்வு ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டேன். கம்பிரெஸர் ஸ்டோலை (உள்ளே காற்றோட்டம் குலைவதை) தடுக்க என்றார். எப்படித் தடுக்கிறது என்று கேட்டதும் நின்றுவிட்டார். பெறுபேற்றுத் தாளில் அது சித்தி. சித்தி என்பதே அவரைத் தவறாக அளந்திருக்கிறது.

மொடியூல் 10இன் தோல்விக்குக் காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. 2020 மார்ச் 24 முதல் ஐரோப்பாவில் பார்ட்-காமோ, பார்ட்-எம்எல் என்ற, விமானங்களைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது பற்றிய புதிய விதித் தொகுதிகள் நடைமுறைக்கு வந்தன. அவர் மனப்பாடம் செய்த தொகுப்பில் எல்லாமே பழைய பார்ட்-எம் துணைப் பகுதிகளின்படி இருந்தன. அடிப்படை ஒழுங்குவிதிக்குக்கூட 2018இல் நீக்கப்பட்டதன் எண்ணே இருந்தது. ஒரு வகுப்பில் இருந்திருந்தால் ஆசிரியர் முதல் வாரத்திலேயே அந்தக் கொப்பியைத் தூக்கி எறியச் சொல்லியிருப்பார்.

கேள்வித் தொகுப்புகளைத் திட்டுவது எளிது. 75 விநாடிக்கு ஒரு கேள்வி என்ற வேகத்துக்குப் பழக அவை நல்லவை, நானும் பயன்படுத்தியவன்தான். தனியாகப் படிப்பவரிடம் வேறு அளவுகோல் இல்லாதபோதுதான் அவை கெடுதி செய்கின்றன.

கடைசியாக லொக் புத்தகத்தைக் கேட்டேன். அது பற்றிப் பேச அவர் வரவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் அதில்தான் கிடந்தது.

ஐந்தாண்டுக்கு மேலான வேலை. பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் ரயர் மாற்றியது, ஒயில் மாற்றியது, 50 மணி நேரச் சோதனையில் உதவியது. 2020இல் செய்த எஞ்சின் பாதுகாப்பு வேலை முழுவதும் ஒரே வரியில் 'உதவி' என்று அடங்கியிருந்தது. 2018 முதல் 2020 வரையான பல பக்கங்களில் மேற்பார்வைப் பொறியியலாளரின் கையொப்பம் இல்லை. பிறகு வாங்கலாம் என்று விட்டிருந்தார். இவற்றுக்கெல்லாம் மேலே, அந்தப் புத்தகத்தில் டர்பைன் எஞ்சின் என்ற சொல்லே எங்கும் கிடையாது. விண்ணப்பிக்கும் துணைப்பிரிவைச் சேர்ந்த விமானத்தில் குறைந்தது ஓராண்டு அண்மைக்கால அனுபவம் வேண்டும் என்பது விதி. அவர் எழுதிக்கொண்டிருந்தது பி1.1இன் பரீட்சைகள். சேர்த்துக்கொண்டிருந்தது பி1.2இன் அனுபவம். எல்லா மொடியூலும் சித்தியடைந்திருந்தாலும் விண்ணப்பம் நின்றிருக்கும்.

## எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு பரீட்சைகளை நிறுத்துவது. அடுத்த அமர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம் என்றேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. பத்தாண்டு எல்லை 2018இலிருந்து ஓடுகிறது என்று வாதாடினார். அவர் சொன்னது சரிதான். ஆனால் மொடியூல் 7இல் மூன்றாவது தோல்வி வந்தால் அதே கடிகாரத்தில் ஓராண்டு போய்விடும். சில நாள் யோசித்து ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது முடிவு, இலக்கை பி1.2க்கு மாற்றுவது. இதற்கு நீண்ட பேச்சு நடந்தது. கீழே இறங்குவதாக அவருக்குப் பட்டது, தகப்பனுக்கும் அப்படியே. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். மொடியூல் 1 முதல் 10 வரையும், புரொபெல்லருக்கான 17உம் இரண்டு பிரிவுக்கும் பொது. பி1.1க்கு 11ஏ (விமானத்தின் கட்டமைப்பும் தொகுதிகளும்), 15, பி1.2க்கு அவற்றின் இடத்தில் 11பி, 16. ஆக, புதிதாக எழுத வேண்டியவை இரண்டே. அனுபவமோ 3 ஆண்டுதான் தேவை. அது ஏற்கெனவே கையில் உண்டு, ஒழுங்காகக் காட்டினால் போதும். பி1.2 கிடைத்த பிறகு பி1.1ஐச் சேர்க்க, டர்பைன் விமானத்தில் 2 ஆண்டு வேலை வேண்டும். லைசன்ஸ் இல்லாத உதவியாளரை டர்பைன் ஹாங்கரில் எடுப்பதைவிட, லைசன்ஸ் உள்ளவரை எடுப்பது எவருக்கும் சுலபம். சுற்றுவழி போலத் தெரிந்தாலும் இருந்த ஒரே வழி அது.

இங்கே வேறொரு தெரிவும் இருந்தது. உடனே இரத்மலானையை விட்டுவிட்டு, டர்பைன் விமானம் உள்ள இடத்தில் உதவியாளராகச் சேர்ந்து பி1.1 அனுபவத்தைப் புதிதாகத் தொடங்குவது. அவர் அதற்கே சாய்ந்தார். 2021 இறுதியில் விமானத்துறை இன்னும் தொற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆட்களைக் குறைத்த நிறுவனங்களே அதிகம். அதனால் நான் அதை மறுத்தேன். வேறு காலமாக இருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.

மூன்றாவது, வாரம் ஒரு வாய்மொழித் தேர்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையின் பின்மேசையில். அந்த வாரம் ஹாங்கரில் செய்த ஒரு வேலையை அவர் சொல்ல வேண்டும். அது எந்த மொடியூலின் எந்தப் பகுதியில் வருகிறது, பாடத்திட்டம் அதற்கு எந்த அறிவு மட்டத்தைக் கேட்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் 1, 2, 3 என மட்டம் குறித்திருக்கிறது. 1 என்றால் அறிமுகம், 3 என்றால் விரிவான அறிவு. மூன்றாண்டு படித்தவர் அந்த நிரலையே பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் படித்திருக்கிறார். விடைத் தெரிவுகளைக் காட்டாமல் கேள்வி கேட்பது இதன் ஒரு பகுதி. தமிழில் விளக்கலாம், ஆனால் கடைசியில் அதையே ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

நான்காவது லொக் புத்தகம். பதிவுகளை, விமானத்தின் ஒவ்வொரு தொகுதிக்கும் பராமரிப்புக் கையேடுகளில் வழங்கும் ஏடிஏ அத்தியாய எண்களின்படி பிரித்தோம்: 24 மின்சாரம், 27 பறப்புக் கட்டுப்பாடு, 28 எரிபொருள், 32 தரையிறங்கு கியர், 61 புரொபெல்லர், 74 இக்னிஷன், 79 ஒயில் என்று. பிரித்ததும் வெற்றிடங்கள் கண்ணில் அடித்தன. 32இல் பக்கம் பக்கமாக இருந்தது. 27இல் நாலைந்து பதிவுகள். தகட்டு வேலைகளான 51 முதல் 57 வரை ஏறக்குறைய வெறுமை. அந்தத் தாளைத் தன் மேற்பார்வையாளரிடம் காட்டி, வெறுமையான பகுதிகளில் வேலை தரும்படி கேட்கச் சொன்னேன். இதுவரை ஒருபோதும் கேட்டதில்லை, கேட்டதும் கொடுத்தார்கள்.

## 2022: இடைஞ்சல்

திட்டம் ஓடத் தொடங்கிய சில மாதங்களில் நாடு கவிழ்ந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், மே மாதம் 360ஐ எட்டியது. பரீட்சைக் கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில். மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. பஸ்ஸுக்கு டீசல் இல்லாத நாட்களில் கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் தொங்கிக்கொண்டு இரத்மலானை போனார். பயிற்சிப் பறப்பு குறைந்ததால் ஹாங்கரில் வேலையும் குறைந்தது.

ஒரு அமர்வில் மூன்று மொடியூல் எழுதும் பழைய வழக்கம் இதனால் தானாகவே நின்றது. ஒரு மொடியூலுக்கான பணத்தைச் சேர்க்கவே மாதங்கள் எடுத்தன. அந்த மாதங்கள் படிப்புக்கு உதவின என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அதை நன்மை என்று எழுத எனக்கு மனமில்லை.

பெரிய அடி வேறு. கையொப்பமிட வேண்டிய மேற்பார்வைப் பொறியியலாளர் அந்த ஆண்டு நடுப்பகுதியில் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அவரைப் போல் அந்த ஆண்டு போனவர்கள் பலர். 2018 முதல் 2020 வரையான வெற்றுப் பக்கங்களுக்கு இனி யார் சாட்சி?

ஹாங்கர் பதிவறையில் பழைய ஜொப் காட்டுகள் இருந்தன. வேலையைச் செய்தவர், சான்றளித்தவர் இருவரின் பெயரும் அவற்றில் உண்டு. மாணவர் வேலை முடிந்த பிறகு தங்கி, ஒவ்வொரு பதிவுக்கும் ஜொப் காட் எண்ணைத் தேடி எழுதினார். அந்தப் பட்டியலை வெளிநாட்டிலிருந்த பொறியியலாளருக்கு அனுப்பினோம். அவர் தன் லைசன்ஸ் எண்ணுடன் உறுதிக் கடிதம் அனுப்பினார். பராமரிப்பு முகாமையாளர் மூலப் பதிவுகளுடன் ஒப்பிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிட்டார். காட் அகப்படாத பதிவுகளை வெட்டிவிட்டோம். நினைவை நம்பி ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அனுபவப் பதிவில் ஒரு பொய் அகப்பட்டால் மற்றவை எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

## பின்னர் நடந்தவை

2022 இறுதியில் மொடியூல் 7, மூன்றாவது தடவை. இரண்டு எசேகளுக்கும் தலா 20 நிமிடம். இந்தத் தடவை முதல் ஐந்து நிமிடம் எதுவும் எழுதாமல், கேட்ட வேலையை ஹாங்கரில் யார் தொடங்கி யார் முடிப்பார்கள் என்று மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதியதாகச் சொன்னார். சித்தி. நடைமுறையிலுள்ள விதி நூலை ஈயாசா தளத்திலிருந்து எடுத்துப் படித்து, மொடியூல் 10உம் சித்தி.

2023இல் பிஸ்டன் எஞ்சினுக்கான 16. 72 கேள்விகளில் 66 சரி. சிலிண்டருக்குள் 80 பீஎஸ்ஐ காற்றைக் கொடுத்து, கசிவின் சத்தம் எக்ஸோஸ்டில் கேட்டால் எக்ஸோஸ்ட் வால்வு, ஒயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் என்று காதால் கண்டுபிடித்தவருக்கு அந்தத் தாள் கஷ்டமாக இருக்க முடியாது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மக்னீட்டோவின் பூமி வயர் அறுந்தால் சுவிட்சை அணைத்தாலும் எஞ்சின் உயிரோடுதான் இருக்கும், புரொபெல்லரைக் கையால் திருப்பினால் பற்றலாம் என்பதும் அவர் நூலில் படித்தறிந்ததல்ல. 17உம் சித்தி.

11பி விழுந்தது. 100 கேள்விகளில் 75 வேண்டும், 70. இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எங்கே இழந்தார் என்று நினைவிலிருந்து பட்டியலிட்டபோது காரணம் தெரிந்தது. கெபின் அழுத்தம், ஐஸ் தடுப்பு, உள்ளிழுக்கும் சக்கரங்களின் ஹைட்ரோலிக்ஸ், ஓட்டோபைலட். செஸ்னா 152இலும் அந்த ஹாங்கரின் 172களிலும் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. செய்கிற வேலையிலிருந்து பாடத்துக்குப் போகும் எங்கள் முறை, ஹாங்கரில் இல்லாத பாடத்தைத் தொடாமலே விட்டிருக்கிறது. ஞாயிறு முறையைத் திருப்பிப் போட்டோம். பாடத்திட்டத்தில் 2, 3 மட்டம் குறித்த தலைப்புகளில், இரத்மலானையில் கண்ணால் காண முடியாதவற்றை மட்டும் எடுத்து, வரைபடம் வரைந்து அவர் எனக்கு வகுப்பெடுக்க வேண்டும். 90 நாளுக்குப் பிறகு எழுதியபோது 84.

2024 தொடக்கத்தில் விண்ணப்பம் போனது. அனுபவப் பதிவு பற்றி இரண்டு விளக்கங்கள் கேட்டார்கள். இரண்டும் தகட்டு வேலை பற்றியவை. ஜொப் காட் பிரதிகளை அனுப்பினோம். அந்த ஆண்டு இறுதிக்குள் பி1.2 லைசன்ஸ் வந்தது. எந்தத் தொகுதி விமானங்களுக்கு அது செல்லும் என்ற குறிப்பு லைசன்ஸில் ஏறி, நிறுவனமும் தன் அதிகாரத்தைத் தந்த பிறகே விமானத்தைப் பறக்க விடுவிக்கும் சான்றில் ஒப்பமிடலாம். அவற்றுக்கு மேலும் சில மாதங்கள் எடுத்தன.

## மாற்ற வேண்டியவை

இப்போது என்னிடம் வருபவர்களிடம் முதலில் பெறுபேற்றுத் தாளைக் கேட்பதில்லை, லொக் புத்தகத்தைக் கேட்கிறேன். எந்த விமானத்தில் கை இருக்கிறதோ அந்தத் துணைப்பிரிவிலிருந்தே மொடியூல்களின் வரிசையைப் போடுகிறோம்.

கையொப்பத்தை மாதம் ஒருமுறை வாங்க வேண்டும். ஆண்டு இறுதிக்கு விடக்கூடாது. எங்கள் நாட்டில் மேற்பார்வையாளர் அடுத்த ஆண்டும் இங்கே இருப்பார் என்று எவரும் எண்ணிவிட முடியாது. 'உதவி' என்ற சொல்லுக்குப் பதிலாக எதைக் கழற்றினார், எதை அளந்தார், எதைத் திரும்பப் பூட்டினார் என்று எழுத வேண்டும்.

எசே உள்ள மொடியூல்களான 7, 9, 10 மூன்றையும் கடைசிக்கு ஒதுக்குவது பரவலான பழக்கம். ஹாங்கரில் ஓராண்டு முடிந்ததும் 9ஐயும் 7ஐயும் எழுதலாம் என்பது என் அபிப்பிராயம். வேலையை எழுத்தில் சொல்லும் பழக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் உதவும். 10ஐ மட்டும் விண்ணப்பத்துக்கு அண்மையில் வைத்துக்கொள்வது நல்லது, சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால்.

வாய்மொழித் தேர்வுக்கு லைசன்ஸ் உள்ளவர்தான் வேண்டும் என்றில்லை. விடைத் தெரிவுகளை மறைத்துக்கொண்டு 'ஏன்' என்று கேட்கக்கூடிய இன்னொரு மாணவர் இருந்தாலே 2019இன் அந்த 71 அவரை ஏமாற்றியிருக்காது. இப்போது ஞாயிறு மேசையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கிறார்கள்; நான் பெரும்பாலும் தேநீர்தான் குடிக்கிறேன்.

## இன்றைய நிலை

மாணவர் 2025இல் சிறிய டர்போபுரொப் விமானங்களை இயக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். பி1.1க்கு வேண்டிய 2 ஆண்டு டர்பைன் அனுபவம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கிறது. புதிய லொக் புத்தகத்தை முதல் நாளிலிருந்தே ஏடிஏ எண்களோடு எழுதுகிறார். மொடியூல் 15இன் சித்தி 2019ஆம் ஆண்டினது, பி1.1 விண்ணப்பத்துக்கு அது 2029 வரை செல்லும். அந்தப் பாடத்தை, இந்தத் தடவை எஞ்சினின் பக்கத்தில் நின்று, மறுபடி படித்து வருகிறார். எழுத வேண்டியது 11ஏ மட்டும். அதைப் புதிய பாடத்திட்டத்தின்படி படிக்கிறார். அடுத்த அமர்வுக்குப் பெயர் கொடுக்கவா என்று கேட்டார். அழுத்தக் கட்டுப்பாட்டையும் எரிபொருள் தொகுதியையும் வரைந்து விளக்கிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.